வாயில்லா உயிர்க்கு மருந்து: நம் வட்டாரத்தின் ஒரு வரலாறு

அசோக மன்னர் பாறைகளில் பொறிப்பித்த பதினான்கு பெருஞ்சாசனங்களுள் இரண்டாவது சாசனம் தமிழகத்தார் தனித்து நினைக்கவேண்டிய ஒன்று. தம் ஆட்சிக்குட்பட்ட நிலத்தில் மட்டுமன்றி, எல்லைக்கு அப்பாலிருந்த சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணி எனப்பட்ட இலங்கையிலும், மேற்கே யவன மன்னன் அந்தியோக்கன் நாட்டிலும் இருவகைச் சிகிச்சைகளுக்கு ஏற்பாடு செய்ததாக அவர் அதில் அறிவிக்கிறார். ஒன்று மக்களுக்கான சிகிச்சை. மற்றொன்று விலங்குகளுக்கான சிகிச்சை.

பள்ளிப் பாடநூல்களில் இந்தச் சாசனம் பெரும்பாலும் 'அசோகர் சாலையோரம் மரம் நட்டார், கிணறு வெட்டினார்' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. அந்தச் செய்தியும் அச்சாசனத்தில் இருப்பதுதான். ஆனால் அதற்கு முன்னே இன்னொரு செய்தி இருக்கிறது. மக்களுக்கும் விலங்குகளுக்கும் பயன்படும் மூலிகைகள் எங்கெங்கு இல்லையோ, அங்கெல்லாம் அவை கொண்டுவரப்பட்டு நடப்பட்டன என்பதே அது. மருத்துவரை அனுப்புவதோடு கடமை முடிந்ததாக அந்த அரசர் கருதவில்லை. மருந்து கையெட்டும் தொலைவில் இல்லையேல் மருத்துவம் வெறும் சொல்லாகிவிடும் என்பதை உணர்ந்து ஏவிய ஆணை இது. சிகிச்சை வேறு, மருந்து கிடைப்பது வேறு. இந்த இரண்டாம் பாதி நம் கள்ளக்குறிச்சிச் சீமையிலும் கல்வராயன் மலையிலும் காலந்தோறும் எவ்வாறு நிறைவேறியது, எங்கெங்கு தவறியது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாசனம் கூறும் சத்தியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் விடை காணாத வினாவாக இருந்தது. 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் ஒரு குகைத்தளத்தில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அதற்கு விடையளித்தது. சதியபுதோ என்னும் அடைமொழியோடு அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாளியைக் குறிப்பது அக்கல்வெட்டு. பாளி என்பது துறவியர் உறையும் கற்படுக்கை. கல்வெட்டின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் சத்தியபுத்திரர் அதியர் மரபினரே என்ற முடிவைப் பெரும்பாலோர் ஏற்றுள்ளனர். அசோகர் 'விலங்குகளுக்குச் சிகிச்சை' என்று குறித்த நாடுகளுள் ஒன்றின் தலைவன் பெயர், இன்று நாம் பேருந்தில் கடந்து செல்லும் பெண்ணையாற்றுப் பக்கத்துக் குன்றொன்றில் எழுதியிருக்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவனாக நாம் அறிந்த அஞ்சியின் பெயரே அது. அக்கனியும் ஒரு மருந்தாகவே கருதப்பட்டது என்பதை இடையே சொல்லி வைக்கலாம்.

அதே ஜம்பைப் பகுதி சமணர் வரலாற்றிலும் இடம்பெற்ற ஊர். ஆகார தானம், அபய தானம், ஔஷத தானம், சாத்திர தானம் என்னும் நான்கும் சமண இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டவை என்பதை இம்மலரைப் படிப்போர்க்குச் சொல்லவேண்டியதில்லை. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் தம் 'சமணமும் தமிழும்' நூலில் இந்நான்கையும் விளக்குமிடத்து, அபய தானத்திற்குச் சான்றாக 'அஞ்சினான் புகலிடம்' என்னும் அடைக்கலத் தலத்தைப் பற்றிய இவ்வட்டாரக் கல்வெட்டுச் செய்தியை எடுத்துக்காட்டுகிறார். அஞ்சி வந்தோரைக் காட்டிக்கொடாமல் காக்கும் இடம் அது. தெற்கே உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் அப்பாண்டைநாதர் வீற்றிருக்கும் திருநறுங்கொண்டைக் குன்றும் இதே மாவட்டத்தில்தான் உள்ளது. ஆக நான்கு தானங்களும் இம்மண்ணில் புத்தகச் செய்தியாக மட்டும் இருந்தவை அல்ல.

நம் முன்னோர் மருந்தை எவ்வளவு உயர்வாகக் கருதினர் என்பதற்கு நூற்பெயர்களே சான்று. காரியாசானின் சிறுபஞ்சமூலம், கணிமேதாவியாரின் ஏலாதி ஆகிய இரண்டும் சமணப் புலவர் இயற்றிய அறநூல்கள். இரண்டும் மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டவை. சீவக சிந்தாமணியிலோ நோயுற்ற விலங்கின் அருகே மண்டியிடும் தலைவனையே காண்கிறோம். அடிபட்டு உயிர் பிரியும் நிலையில் கிடந்த நாயைக் கண்ட சீவகன் அதன் செவியில் மந்திரம் ஓதுகிறான். அந்த நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து பின்னாளில் அவனுக்கு உற்றுழி உதவுகிறது. அங்கே மருந்துக்கு நேரம் கடந்துவிட்டது. ஆயினும் ஒரு தெருநாயின் துன்பத்தைத் தன் துன்பமாகக் கொள்ளும் அந்த இடம் காப்பியம் முழுவதிலும் என்னை மிகுதியும் கவர்ந்த இடம்.

நாயைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கல்லையும் குறிப்பிடாமல் இருக்க இயலாது. தண்டராம்பட்டுப் பக்கத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் கவர வந்த கள்வரைக் கடித்து நின்ற ஒரு நாயை அது பெயர் சொல்லிப் போற்றுகிறது. கோவிவன் என்பது அதன் பெயர். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வட்டாரத்து ஆயர் தம் நாய்க்குப் பெயரிட்டு, அது செய்த உதவியைக் கல்லில் எழுதி வைத்தனர். 'வீட்டுப்பிராணி வளர்ப்பது நகரத்தார் பழக்கம்' என்போர் ஒருமுறை எடுத்தனூர் சென்று வரலாம்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன் என்பன அவை. இந்த நான்கையும் ஓர் ஆட்டின் நோயோடு பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நோயுற்ற உயிர்க்குத் தன் நோயைச் சொல்ல வாயில்லை. அருகிருந்து கொடுப்பவரே அதற்கு வாயாகவும் இருக்கிறார். அவரே பணம் தருபவராகவும் இருக்கிறார். ஆகவே வளர்ப்பவரின் அறிவும் வறுமையும் அப்படியே அந்த விலங்கின் விதியாகிவிடுகின்றன. மனித மருத்துவத்திற்கும் கால்நடை மருத்துவத்திற்கும் உள்ள வேறுபாடு மற்ற எதனினும் இதுவே பெரிது என்பேன்.

பழைய நாட்களில் இந்த வறுமைக்கு ஓரளவு ஈடாக நின்றவை மாட்டு வாகடங்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் யானைக்கும் தனித்தனி வாகடங்கள் தமிழில் ஏட்டிலும் பின்னர் அச்சிலும் வழங்கின. ஊருக்கு ஒருவர் அல்லது இருவர் மாட்டு வைத்தியம் அறிந்திருந்தனர். உழவைத் தொழிலாகக் கொண்ட நம் நயினார் குடும்பங்களிலும் வீட்டுப் பெரியவர் ஒருவருக்காவது வயிற்று உப்புசத்திற்கும் கொம்பு முறிவிற்கும் கைமருந்து தெரிந்திருக்கும். மருந்துக்குரிய பொருள்கள் கொல்லையிலோ வரப்பிலோ அடுக்களை அஞ்சறைப்பெட்டியிலோ இருந்தன. வடநாட்டுச் சமண வணிகர் முதிர்ந்த மாடுகளுக்குப் பிஞ்சராப்போல் என்னும் காப்பகங்கள் அமைத்தனர். தில்லிச் செங்கோட்டை எதிரே உள்ள திகம்பர ஜைன லால் மந்திரில் பறவைகளுக்கென்றே ஒரு தரும மருத்துவமனை இயங்குகிறது. தமிழ்ச் சமணர் வரலாறு அத்தகைய பெரிய நிறுவனங்களைக் காட்டவில்லை. நம்மவர் அறம் அவரவர் மாட்டுத் தொழுவத்திலேயே நிகழ்ந்தது. அதனாலேயே அது ஆவணங்களில் ஏறவில்லை.

கல்வராயன் மலை இந்தக் கைமருந்து உலகிற்கு ஒரு களஞ்சியம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இம்மலையில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலை. கடுக்காய்க்கும் புளிக்கும் தேனுக்கும் பெயர்பெற்ற மலை. இம்மலைக் கடுக்காய் கீழ்நாட்டுச் சந்தைகளுக்கு இறங்கி, நாட்டு மருந்துக் கடைகளுக்கும் தோல் பதனிடும் இடங்களுக்கும் சென்றது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்த இம்மலைப்பகுதியை அரசு 1976இல்தான் தன் நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. சமவெளியில் அரசு மருத்துவமும் அரசுப் பள்ளியும் வேரூன்றிப் பல தலைமுறைகள் ஆன பிறகே மலை அரசாங்கத்தின் கண்ணில் முழுமையாகப் பட்டது. மருந்துப்பொருள் மலையிலிருந்து இறங்கிய வேகத்தில் மருத்துவம் மலையேறவில்லை.

சமவெளியிலும் அது விரைந்து வந்துவிடவில்லை. ஆங்கிலேயர் முதலில் அக்கறை கொண்டது படைக்குதிரைகளின்மேல்தான். உழவர் மாடுகளைப் பற்றிய கவலையை அவர்களுக்கு உண்டாக்கியது வெக்கை நோய். ஊரூராகப் பரவி, ஒரு தொழுவத்தில் நுழைந்தால் பெரும்பாலான மாடுகளைச் சாய்த்துவிட்டுப் போகும் கொள்ளைநோய் அது. அதை ஆராய அமர்த்திய ஆணையத்தின் அறிக்கை 1871இல் வெளிவந்தது. 1889இல் புனேயில் தொடங்கிய நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் 1893இல் இமயமலைச் சாரலின் முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. சென்னையில் 1903இல் சைதாப்பேட்டையில் இருபது மாணவர்களோடு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. 1936இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்தில் பட்டம் வழங்கும் கல்லூரியாயிற்று. 1932இல் இராணிப்பேட்டையில் சீரமும் தடுப்பூசியும் தயாரிக்கும் நிலையம் அமைந்தது. ஆர்க்காட்டுச் சீமையில் நம் குடும்பங்கள் பரவலாக வாழ்ந்த ஊர்களுக்கு அண்மையிலேயே மருந்து பிறக்கும் இடம் ஒன்று உருவாயிற்று.

வெக்கை நோயின் முடிவு கால்நடை மருத்துவ வரலாற்றின் பெரிய வெற்றி. 1954இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. தடுப்பூசிக்காரர் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று மாடுகளை ஓரிடத்தில் திரட்டி ஊசி போட்டனர். 2006இல் இந்தியாவும் 2011இல் உலகமும் இந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு உலகிலிருந்தே ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இது. இவ்வெற்றிக்குத் தடுப்பூசியின் ஆற்றல் ஒரு காரணம்; மாட்டுக்காரர் எந்தக் கடைக்கும் போகவேண்டியிருக்கவில்லை, எதற்கும் விலை தரவேண்டியிருக்கவில்லை என்பது மற்றொரு காரணம். அசோகர் ஆணையின் இரண்டாம் பாதி நம் காலத்தில் முழுமையாக நிறைவேறிய நேர்வு இது ஒன்றே எனலாம்.

ஆனால் இதில் நமக்கு உறுத்தும் ஒரு செய்தியும் உண்டு. 1920களில் எட்வர்ட்ஸ் என்பார் முக்தேசுவரத்தில் உருவாக்கிய தடுப்பூசி, நோய்க்கிருமி ஏற்றிய ஆட்டின் மண்ணீரலிலிருந்து எடுக்கப்பட்டது. மாட்டைக் காக்க ஆடு உயிர் கொடுத்தது. 1960ஐ ஒட்டி பிளவ்ரைட் என்னும் அறிஞர் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களைக் கொண்டே தடுப்பூசி செய்யும் முறையைக் கண்டபின் இந்தத் தேவை பெரிதும் நீங்கிற்று. அகிம்சை நோக்கில் எளிதாகக் கடந்து போகத்தக்க செய்தி அன்று இது. கோடிக்கணக்கான மாடுகள் பிழைத்தன என்பதால் அந்த ஆடுகளின் கணக்கு அழிந்துவிடாது. துறவியர் இருந்தால் கேட்டுத் தெளியலாம். இல்லறத்தானாகிய நான் இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்திருப்பதோடு நின்றுகொள்கிறேன்.

விடுதலைக்குப் பிறகு சிற்றூர்களில் அரசு திறந்த சிகிச்சை நிலையங்களுக்கு இட்ட பெயர் 'கால்நடை மருந்தகம்'. ஊரார் அதை 'மாட்டாஸ்பத்திரி' என்றே அழைத்தாலும், பலகையில் எழுதிய பெயர் ஆழ்ந்த பொருளுடையது. மருந்து இருக்கும் அகம் அது. உண்மையிலும் அங்கே மருத்துவர் பார்ப்பதும் கம்பவுண்டர் கலக்கித் தரும் புட்டி மருந்தும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. சீட்டு எழுதி வெளியே அனுப்பும் பழக்கம் அரிது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக, மூலப்பெயரில் மருந்து வாங்கிச் செலவைக் குறைக்கும் முறையை நாட்டுக்கே முன்மாதிரியாகக் காட்டியது. கால்நடை நிலையங்களுக்கான மருந்துக் கொள்முதலும் அதன் வழியே நடைபெறத் தொடங்கியது நன்மையே.

பிறகு காலம் மாறிற்று. கறவை மாடு கலப்பினமாயிற்று. நாட்டு மாட்டுக்கு இல்லாத நோயெல்லாம் அதற்கு வந்தன. 2011இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லாக் கறவை மாடும் ஆடுகளும் வழங்கத் தொடங்கியது. நிலமற்ற குடும்பத்தின் கையில் நான்கு ஆடுகள் வந்தன. அவை நோயுறும்போது வாங்கவேண்டிய மருந்தின் விலை உடன் வரவில்லை. நகரங்களில் நாயும் பூனையும் குடும்ப உறுப்பினராயின. தனியார் மருத்துவமனைகள் பெருகின. மருந்தகத்தில் இருப்பு இல்லாத மருந்தை வெளியே வாங்க எழுதித் தரும் சீட்டு எங்கும் வழக்கமாயிற்று.

கள்ளக்குறிச்சிப் பகுதிக்கென்று தனிச்சிறப்பான ஓர் ஆபத்து மரவள்ளி. சின்னசேலம் தொடங்கிச் சேலம் எல்லை வரையிலும், மலையின் மீதும் மரவள்ளி பயிராகிறது. இதன் இலையையும் கிழங்குத் தோலையும் ஆடுமாடுகள் மிகுதியாகத் தின்றுவிட்டால் உடலில் சயனைடு நஞ்சு உண்டாகும். மூச்சுத் திணறி, தள்ளாடி, சிறிது நேரத்திற்குள் விழுந்துவிடும். இதற்கு மாற்று மருந்து உண்டு. அரிய மருந்தும் அன்று. சோடியம் தயோசல்பேட்டை நரம்பு வழியே மருத்துவர் செலுத்தினால் விலங்கு பிழைக்க வழியுண்டு. ஆனால் அது நாளைக்குக் கிடைக்கும் மருந்தாக இருந்தால் பயனில்லை. வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ நடுப்பகலில் ஓர் ஆடு விழுந்தால், கச்சிராயபாளையம் வழியே மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி மருந்துக் கடையில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டு மீண்டும் மலையேறுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நான் ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளில் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் சிலர் திடீரென்று வாரக்கணக்கில் வரமாட்டார்கள். விசாரித்தால் 'ஆடு செத்துப்போச்சு ஐயா' என்பார்கள். அந்த ஆட்டை விற்றுத்தான் அடுத்த பருவச் செலவு நடந்திருக்கவேண்டும். ஆடு போனதும் படிப்பும் போன பிள்ளைகள் உண்டு.

இப்போது 1962 என்னும் இலவச எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வருகிறது. மலைப்பாதையில் அது எவ்வளவு விரைவாக வரமுடியும் என்பது வேறு கேள்வி. ஆனால் மருத்துவரும் மருந்தும் ஒரே வண்டியில் வருகிறார்கள் என்பது பழைய மருந்தகத்தின் தத்துவம் மீண்டும் உயிர்பெற்றதைக் காட்டுகிறது. தலைவாசலில் தேசிய நெடுஞ்சாலையோரம் 2021இல் திறக்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சி நிலையமும், அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் நம் மாவட்ட எல்லையை ஒட்டியே இருக்கின்றன. அண்டை வீட்டில் அடுப்பெரியும்போது நம் வீட்டில் பட்டினி கிடக்கக் கூடாது.

இனி அந்தச் சீட்டைப் பற்றிப் பேசவேண்டும். மருந்துச்சீட்டு என்பது வெறும் துண்டுத்தாள் அன்று; சட்டம் அதற்கு உருவம் வகுத்திருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தின்கீழ் 1945இல் வகுத்த விதிகள், மருத்துவர் கையெழுத்தும் தேதியும், மருந்தின் மொத்த அளவும், கொடுக்கவேண்டிய வேளையளவும் சீட்டில் இருக்கவேண்டும் என்கின்றன. நோயாளியின் பெயரும் முகவரியும் எழுதப்படவேண்டும். நோயாளி விலங்காயின்? அப்போது அதன் உரிமையாளரின் பெயரும் முகவரியும் எழுதப்படவேண்டும் என்று விதி கூறுகிறது. குறள் கூறிய 'அருகிருப்பவர்' இங்கே சட்டத்தின் கண்ணுக்கும் தெரிகிறார். விலங்கு மருந்தின் உறையில் 'மனிதர் பயன்பாட்டிற்கன்று, விலங்குச் சிகிச்சைக்கு மட்டும்' என்ற எச்சரிக்கையும், வீட்டு விலங்கொன்றின் தலையுருவமும் இடம்பெறவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளவே அந்தப் படம். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், பதிவு பெற்ற மருத்துவரே சிகிச்சையளித்துச் சீட்டெழுத வேண்டும் என்று வரையறுத்தது.

சட்டம் நல்லது. ஆனால் மருத்துவர் தொலைவில் இருக்கையில் அந்த இடைவெளியில் நுழைவது எது? மருந்துக் கடையில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கும் பழக்கமும், வீட்டில் மிஞ்சிய மனித மாத்திரையும்தான். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்போர் உண்டு. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அன்பினால் நேரும் கொலை அது. அறியாமல் செய்தாலும் உயிர் போனது போனதுதான்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிய உயிர்க்கேட்டுக்கு இட்டுச் செல்லும் என்பதற்கு, நம் வானத்திலிருந்து மறைந்துபோன பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் கதையை விட வேறு சான்று வேண்டியதில்லை. 1990களில் இந்தியாவெங்கும் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தன. காரணம் பிடிபடவில்லை. 2004இல்தான் ஆய்வாளர்கள் அது டைக்ளோபினாக் என்று கண்டனர். மாட்டின் வலிக்கும் வீக்கத்திற்கும் ஊசியாகப் போடப்பட்ட மலிவான மருந்து அது. மருந்து ஏறிய மாடு இறந்தால், அதன் உடலை உண்ட பாறு சிறுநீரகம் செயலிழந்து மடிந்தது. 2006இல் அரசு விலங்குகளுக்கு இதனைத் தடை செய்தது. தடைக்குப் பின்னும் சாவு நிற்கவில்லை. ஏனெனில் மனிதருக்கென்று விற்ற பெரிய புட்டிகள் மலிவாகக் கிடைத்தன. அவற்றையே மாட்டுக்கும் செலுத்தினர். ஆகவே 2015இல் மனிதருக்கான ஊசிமருந்தையும் ஒரு வேளைக்குரிய 3 மில்லி அளவில் மட்டுமே விற்கவேண்டும் என்று அரசு ஆணையிட்டது. மருந்து நிறுவனங்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. அந்த வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்து, 2017இல் அரசின் தடை உறுதி செய்யப்பட்டது. பின்னர் 2023இல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகியனவும் விலங்குகளுக்குத் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மாற்று என்பது 2006ஐ ஒட்டியே தெரிந்திருந்தது.

மாட்டின்மேல் இரக்கங்கொண்டு போட்ட ஊசி, வானில் திரிந்த பறவைக்கு நஞ்சாயிற்று. ஒரு கன்னத்தைத் தடவிக் கொடுத்த கை மறு கன்னத்தில் அறைந்தது போல. மலிவான மருந்து வேண்டும் என்று நாம் கேட்பது நியாயம். எந்த மருந்து மலிவாக வேண்டும் என்று கேட்பது அதனினும் நியாயம். மெலாக்சிகாம் எளிதாகவும் குறைந்த விலையிலும் எல்லா ஊர்க் கடைகளிலும் முதலிலேயே கிடைத்திருந்தால், மக்கள் மனித மருந்துப் புட்டியைத் தேடிப் போயிருக்கத் தேவை இல்லை. தடைச் சட்டம் பாதி வேலை. மாற்று மருந்தைக் கையெட்ட வைப்பது மறுபாதி.

விலைக்கு வருவோம். மனித மருந்துகளுக்கு நம் நாட்டில் இன்றியமையா மருந்துப் பட்டியல் ஒன்று உண்டு. அதிலுள்ளவற்றிற்கு அரசு விலை உச்சவரம்பு விதிக்கிறது. அப்பட்டியல் மனித நோய்களை முன்வைத்தே எழுதப்பட்டது. நாய்க்குரிய குடற்புழு மாத்திரைக்கோ மாட்டின் மடிவீக்கத்திற்குரிய குழாய் மருந்துக்கோ அத்தகைய பட்டியல் இல்லை. சீட்டில் நிறுவனப் பெயர் மட்டும் எழுதப்பட்டால், வளர்ப்பவர் அந்த ஒரு பெயரையே தேடி அலையவேண்டும். மூலப்பெயரும் உடன் இருந்தால் அதே மருந்தைக் குறைந்த விலையில் வேறு பெயரில் வாங்க இயலும்.

இந்தக் கவலை ஏழை நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் நாய், பூனை வளர்ப்போரின் முறையீடுகள் மிகுந்து, அந்நாட்டுச் சந்தைப் போட்டி ஆணையம் 2024 மே மாதத்தில் கால்நடை மருத்துவச் சந்தை குறித்து முறையான விசாரணை தொடங்கியது. மருத்துவமனையிலேயே மருந்து வாங்கினால் விலை மிகுதி. வெளியே வாங்கச் சீட்டு கேட்டால் அந்தச் சீட்டுக்கே கட்டணம். 2025 அக்டோபரில் வெளியிட்ட இடைக்கால முடிவில், சீட்டுக் கட்டணத்துக்கு 16 பவுண்டு உச்சவரம்பு வைக்கலாம் என்று ஆணையம் பரிந்துரைத்தது. நாய்க்குக் காப்பீடு எடுக்கும் நாட்டிலேயே நிலைமை இதுவென்றால், கல்வராயன் மலையின் ஆட்டுக்காரரை என்னென்பது!

நம் நாட்டிலும் ஓர் அசைவு தெரிகிறது. 2025 மார்ச் 5ஆம் நாள் ஒன்றிய அமைச்சரவை கால்நடை நலத் திட்டத்தைத் திருத்தியமைத்து, 'பசு ஔஷதி' என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. மனிதருக்கான மக்கள் மருந்தகம் போல, தரமான ஜெனரிக் கால்நடை மருந்துகளைக் குறைந்த விலையில் விற்பது இதன் நோக்கம். விற்பனை கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும் பிரதமரின் உழவர் வள மையங்கள் வழியாகவும் நடக்கும். இதற்கென ஒதுக்கிய தொகை 75 கோடி ரூபாய். இந்தியா முழுமைக்கும் என்று பார்த்தால் இது சிறு தொகையே. ஆனால் 'ஔஷத தானம்' என்று நாம் நூற்றாண்டுகளாக உச்சரித்த சொல்லின் முற்பாதி, பசுவின் பெயரோடு ஓர் அரசுத் திட்டத்தின் பலகையில் ஏறியிருப்பதைக் கண்டபோது தமிழாசிரியனாகிய எனக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று.

வாகட மரபும் முற்றும் மறைந்துவிடவில்லை. 1989இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி அவர்கள் மரபு மூலிகை மருத்துவத்தை ஆராய்ந்து உழவரிடையே பரப்பினார். மடிவீக்கத்திற்கு 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு சேர்த்து அரைத்து மடியில் பூசும் முறை இன்று தேசியப் பால்வள வாரியத்தின் வழியாகப் பிற மாநிலங்களிலும் பின்பற்றப்படுகிறது. மூன்று பொருளும் மலைக்குடிசையிலும் கிடைப்பவை. நோய்க்கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதைப் பற்றி உலகமே அஞ்சும் இந்நாளில், தொட்டதற்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவதைக் குறைக்கவும் இது உதவும். ஆயினும் மூலிகையே எல்லாவற்றுக்கும் போதும் என்பாரோடு நான் உடன்படேன். மரவள்ளி நஞ்சு ஏறிய ஆட்டுக்கும், தொண்டை அடைப்பான் கண்ட எருமைக்கும் கற்றாழை உதவாது. அங்கே மருத்துவரும் ஊசியும்தான் வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் பலர் இன்று நகரங்களில் வாழ்கின்றனர். தொழுவம் போய், கூடத்தில் நாயோ கிளிக்கூண்டில்லாத பூனையோ இருக்கிறது. அவர்கள் மருத்துவரிடம் கேட்கத் தயங்கவேண்டாதவை சில உண்டு. சீட்டை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். மூலப்பெயரைக் குறிக்கச் சொல்லலாம். வலிமருந்து எழுதினால் அது பாறுகளுக்குத் தீங்கற்றதா என்று மாட்டுக்காரர் கேட்கலாம். பெரும்பாலான மருத்துவர்கள் இதை மகிழ்ச்சியோடு ஏற்பர்.

நம் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் ஆகார தானமும் சாத்திர தானமும் குறைவின்றிச் செய்கின்றன. மனிதருக்கான மருத்துவ முகாம்களும் நடத்துகின்றன. திருநறுங்கொண்டைத் திருவிழாவிற்கு நாம் கூடும் இதே மாவட்டத்தில், ஓரிரு மணி நேரப் பயணத்தில் வெள்ளிமலை இருக்கிறது. கால்நடைத் துறையினரிடம் கேட்டு, அங்குள்ள நிலையத்தில் எந்த மருந்து எந்த மாதத்தில் தீர்ந்துபோகிறது என்று அறிந்து, அந்த ஒன்றை மட்டும் நாம் நிரப்பிக் கொடுக்கலாம். குடற்புழு நீக்க மருந்தாக இருக்கலாம். மரவள்ளி அறுவடைக் காலத்தில் மாற்று மருந்தாக இருக்கலாம். பெரிய செலவு பிடிக்கும் செயல் அன்று இது. பழைய மாட்டு வாகட ஏடுகள் எவர் வீட்டுப் பரணிலேனும் கிடந்தால், கரையான் தின்னுமுன் அவற்றைப் படியெடுத்து அறக்கட்டளை அலுவலகத்தில் சேர்ப்பிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.